சனிக்கிழமை நான்கு மணி

மகள் பிறப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு, தஞ்சாவூரில் அம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, வலது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் பல ஆண்டுகளாக வளர்த்து வைத்திருந்த நகங்களை ஒட்ட வெட்டினேன். வீணை வாசிப்பவர்களுக்கு இந்த இரண்டு நகங்களின் அருமை தெரியும். விரலில் கம்பி வளையத்தை மாட்டிக்கொண்டும் மீட்டலாம். ஆனால் நகத்தால் மீட்டும்போது வருகிற நாதத்தில் ஒரு மென்மை உண்டு, என் ஆசிரியை எனக்கு அதைத்தான் பழக்கினார். பச்சைக் குழந்தையின் தோலில் நகம் பட்டால் கீறிவிடும் என்பதால் வெட்டினேன். அப்போது எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. "பிள்ளை வளர்ற வேகத்துல நகமும் வளந்துடும்டி" என்றார் அம்மா.

மகளுக்கு இப்போது ஒன்பது மாதம். சென்னை மந்தைவெளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது தளத்தில், ஒரே ஒரு படுக்கையறை கொண்ட வீட்டில் இருக்கிறோம். இந்த ஒன்பது மாதங்களில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது, இன்ன கிழமை, இன்ன மணி என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு மணி நேரம் அவளுடையதாக இருக்க வேண்டும். அவளுக்குப் பிடித்ததை அவள் அந்த நேரத்தில் செய்யட்டும். அதை அமைத்துக் கொடுப்பது அவளைச் சுற்றியிருப்பவர்களின் பொறுப்பு.

முன்கூட்டியே தெரிந்த நேரம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் குழந்தையின் பசியோடு தொடங்குகிறது. கணவர் எட்டேகாலுக்குக் கிளம்பிவிடுவார். அதன் பிறகு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, உடம்பைத் துவட்டித் தூளியில் போடுவது, பருப்புச் சாதத்தைக் குழையப் பிசைந்து வாயைத் திறக்கவைத்து ஊட்டுவது, தவழ ஆரம்பித்துவிட்டதால் அடுப்படி வாசலில் காவல் இருப்பது என்று மணி போவதே தெரியாது. தூளியில் அவள் தூங்குகிற நேரம் சில நாள் இரண்டு மணி, சில நாள் அரை மணி. "குழந்தை தூங்கும்போது உன் வேலையைப் பாத்துக்கோ" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்போது முடியும் என்று தெரியாத நேரத்தில் துணி மடிக்கலாம், பாத்திரம் கழுவலாம், படுத்துக்கொள்ளலாம். வீணையை உறையிலிருந்து எடுத்துச் சுருதி சேர்க்கவே பத்து நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு மனம் அதில் அமரப் பத்து நிமிடம். அப்படியே துணிந்து எடுத்தாலும், இந்தச் சிறிய வீட்டில் முதல் மீட்டலிலேயே தூளி அசையும். மூன்று முறை முயன்றுவிட்டு உறையைப் போட்டு மூடி, அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் நிறுத்திவிட்டேன்.

வீணையை விட்டதைவிடத் தோழிகள் விலகியதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கல்லூரிக் காலத்திலிருந்து நாங்கள் ஐந்து பேர். மார்கழி என்றால் சேர்ந்து கச்சேரிக்குப் போவதும், சபா உணவகத்தில் உட்கார்ந்து கேட்டதைப் பற்றிப் பேசித் தீர்ப்பதும் பத்து ஆண்டு வழக்கம். கடந்த டிசம்பரில் நால்வரும் பட்டுப் புடவையில் சிரித்துக்கொண்டு நிற்கிற புகைப்படத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். குழந்தைக்கு அன்று தடுப்பூசிக் காய்ச்சல். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "உன்னால வர முடியாதுன்னு தெரியும், கூப்பிட்டு எதுக்குச் சங்கடப்படுத்தணும்னுதான் விட்டுட்டோம்" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னது உண்மை, என்னால் போயிருக்க முடியாது. ஆனாலும் கூப்பிட்டிருக்க வேண்டும். வர முடியாது என்று சொல்கிற உரிமையாவது எனக்கு இருந்திருக்கும். கைக்குழந்தைக்காரிக்காக மற்றவர்களே முடிவெடுத்துவிடுவது அன்பினால்தான் என்றாலும், அப்படி மூன்று முறை முடிவெடுத்தால் நான்காவது முறை அவள் பெயரே யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இந்த இடத்தில் என் தாம்பரத்துத் தோழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் புகைப்படத்தில் அவளும் இருந்தாள். ஜனவரி முதல் வாரத்தில் தொலைபேசியில் அழைத்து, வேறு எதுவும் பேசாமல், "சனிக்கிழமை நாலு மணிக்கு வரேன். ஒரு மணி நேரம் குழந்தையை நான் வச்சுக்கறேன். நீ வீணையை எடு" என்றாள். அவளுக்குத் திருமணம் ஆகவில்லை. குழந்தையைத் தூக்கிப் பழக்கமும் இல்லை. தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் பூங்கா நிலையத்துக்கு வந்து, அங்கே இறங்கிச் சாலையைக் கடந்து பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயிலைப் பிடித்து மந்தைவெளியில் இறங்க வேண்டும். மெட்ரோ பணிக்காகத் தடுப்பு வைத்திருக்கிற தெருக்களைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்து வந்து, கையைக் கழுவிக்கொண்டு, "எப்படிப் பிடிக்கணும், காட்டு" என்று தரையில் உட்கார்ந்தாள்.

அன்று உறையைப் பிரித்தபோது தந்திகளில் துரு ஏறியிருந்தது. கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் எஃகுத் தந்தியை மாதக்கணக்கில் துடைக்காமல் விட்டால் அப்படித்தான் ஆகும். எண்ணெய்த் துணியால் துடைத்து, சுருதி சேர்த்து, சுரைக்குடுக்கையை இடது தொடையில் வைத்துக்கொண்டபோது உடம்புக்கே அந்த எடை மறந்து போயிருந்ததை உணர்ந்தேன். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் வயிறு இடித்ததால் நிறுத்தியது. அதற்குப் பிறகு அப்போதுதான் முறையாக உட்கார்கிறேன். வலது கையில் நகம் இல்லை. இடது கை விரல் நுனிகளில் இருந்த காய்ப்பு முழுவதும் மறைந்து, குழந்தையின் கன்னம்போல் மிருதுவாகிவிட்டிருந்தது. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்கிற முதல் பாடத்தைத்தான் வாசித்தேன். பத்து வயதில் தொடங்கிய இடத்திலிருந்தே மறுபடியும் தொடங்கினேன். பஞ்சமத்தை இழுத்துப் பிடிக்கும்போது தந்தி விரலை அறுத்தது. இருபதாவது நிமிடம் உள்ளே குழந்தை அழுதாள். நான் எழுந்துவிட்டேன். அறைக்குள்ளிருந்து தோழி, "நீ உக்காரு. அழுதா என்ன, நான் இருக்கேன்ல" என்றாள். நான் உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் அழுகை நின்றது. மகள் பிறந்த பிறகு அவளுடைய அழுகை நான் போகாமலே நின்ற முதல் தடவை அது. அந்த இரண்டு நிமிடங்கள் எனக்கு எவ்வளவு கனத்தன என்பதும், அதன் பிறகு தோளிலிருந்து எவ்வளவு இறங்கியது என்பதும் தாய்மார்களுக்குப் புரியும்.

அன்றிலிருந்து சனிக்கிழமை நான்கு மணி எங்கள் வீட்டில் நிலையாகிவிட்டது. வர முடியாமல் போன இரண்டு வாரங்களிலும் வியாழக்கிழமையே சொல்லிவிட்டாள். கணவரும் இதைப் பார்த்து, புதன்கிழமை மாலை ஏழு மணி தன்னுடையது என்று எடுத்துக்கொண்டார். "உனக்கு உதவி பண்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டார். பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கு உதவி என்று பெயர் வைக்கக்கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

பெரியவர்கள் இதை ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறார்கள். என் மாமியார் மனம் நோகாமல்தான் சொன்னார்: "ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ கண்ணு. நாங்க எல்லாம் நாலு பெத்து வளக்கலையா? அப்ப வீணைக்கும் சிநேகிதிக்கும் எங்க போனோம்?" அத்தையின் மீது எனக்கு மரியாதை உண்டு, அவர் பட்ட பாடும் தெரியும். ஆனால் அவரே வேறொரு நாள் சொன்ன கதையை நான் மறக்கவில்லை. அவர் வாழ்க்கைப்பட்ட வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருப் பெண்கள் எல்லாம் திண்ணையில் கூடுவார்களாம். பல்லாங்குழி ஆடுவார்களாம், பூக் கட்டுவார்களாம். குழந்தை யார் மடியில் இருக்கிறது என்று யாரும் தேட மாட்டார்களாம். அந்தக் கூட்டம் அன்றாடம், குறித்த நேரத்தில், கேட்காமலே அவருக்குக் கிடைத்தது. எனக்குத் திண்ணை இல்லை. எதிர் வீட்டுக் கதவு காலை எட்டரைக்குப் பூட்டினால் இரவு எட்டுக்குத்தான் திறக்கிறது. அத்தைக்கு வீட்டமைப்பே தந்துவிட்டதை நான் வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இதை அவரிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

சட்டம் தருகிற நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகப்பேறு நலச் சட்டத்தை 2017-இல் திருத்தியபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்தோடு கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு 2021 முதல் 12 மாதங்கள் கிடைக்கின்றன. நான் தனியார் நிறுவனத்தில் இருப்பவள்; பிரசவத்துக்கு முன்பே 3 வாரம் போய்விட்டதால், மகளுக்கு ஐந்தரை மாதம் ஆகும் முன்பே விடுப்பு தீர்ந்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்கே அங்கு இடித்தது. ஊதியமில்லா விடுப்பில் ஓராண்டு வரை நீட்டியிருக்கிறேன். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கு போய்ப் பார்த்து வரலாம் என்பதையும் அதே திருத்தம்தான் கொண்டுவந்தது. எங்கள் அலுவலகத்தில் அந்த எண்ணிக்கையைத் தாண்டிய ஊழியர்கள் இருந்தும் காப்பகம் இன்னும் வரவில்லை. வேலைக்குத் திரும்பும்போது முதல் கோரிக்கையாக எழுதிக் கொடுக்கப்போகிறேன்.

வெளியே போவது இதைவிடக் கடினம். பிப்ரவரியில் ஒரு பெரிய துணிக்கடையில், குழந்தைக்குப் பால் கொடுக்க இடம் இருக்கிறதா என்று கேட்டேன். கழிப்பறையைக் காட்டினார்கள். மாற்றுத் துணி போடும் அறைக்குள் நின்றுகொண்டே கொடுத்தேன். வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டன. வெயிலில் பேருந்துக்குக் காத்திருக்கும் தாயை நினைத்துப் பார்த்துச் செய்த நல்ல காரியம் அது. அதே நினைப்பு கடைகளிலும் சபாக்களிலும் நூலகங்களிலும் வேண்டும். ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, உள்ளே தாழ்ப்பாள், இவ்வளவு போதும். சபாவில் அப்படி ஓர் அறை இருந்திருந்தால், டிசம்பரில் அந்தத் தோழிகள் என்னைக் கூப்பிடத் தயங்கியிருக்க மாட்டார்கள்.

தோழி வாரா வாரம் வருவதில் இன்னொரு பயனும் உண்டு. பிரசவமான சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். தணியாமல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு அந்த மாற்றம் கண்ணில் படாமல் போகும். வாரம் ஒரு முறை பார்ப்பவள் கண்டுபிடித்துவிடுவாள். வரத் தொடங்கிய முதல் மாதத்திலேயே அவள் என்னிடம், "சாப்பிடறியா, தூங்கறியா, மனசு எப்படி இருக்கு" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டாள். எனக்கு இருந்தது தனிமைதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. யாருக்காவது அதற்கு மேல் இருந்தால் 14416 என்கிற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இந்த நாட்களில் வீணை தனம்மாளை அதிகம் நினைக்கிறேன். 1867-இல் பிறந்து 1938-இல் மறைந்த அவர், ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். கேட்டே ஆக வேண்டும் என்பவர்கள் அங்கே தேடி வந்தார்கள். அவருக்கு நான்கு மகள்கள். பேத்திகளான பாடகிகள் பிருந்தாவும் முக்தாவும், நடனக் கலைஞர் பாலசரஸ்வதியும் அந்த நாதத்தின் நடுவில்தான் வளர்ந்தார்கள். அவருடைய மேதைமையும் வாழ்க்கையும் வேறு. அவர் பட்ட துன்பங்களும் வேறு. அவரோடு என்னை வைத்துப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. பிள்ளைகள் நிறைந்த ஒரு வீட்டில், இந்தக் கிழமை இந்த மாலை வீணைக்கு என்று இருந்ததே, அதை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்.

சென்ற சனிக்கிழமை மற்ற மூவரும் சேர்ந்து வந்துவிட்டார்கள். ஒருத்தி சுண்டல் செய்து எடுத்து வந்தாள். நான் வாசிக்கத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். தாம்பரத்துத் தோழியின் மடியிலிருந்து மகள் நழுவி, தவழ்ந்து வந்து, வீணையின் குடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தடுக்கப் போன தோழியை வேண்டாம் என்றேன். பலாமரத்தின் அதிர்வு கையில் ஏறியிருக்க வேண்டும். கையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். நான் கீழ் ஸ்தாயிச் சட்ஜத்தை மீட்டிவிட்டு, நாதம் அடங்கும் வரை காத்திருந்தேன். நடுவிரல் நகம் இப்போது அரிசி அகலம் வளர்ந்திருக்கிறது. குழந்தையைக் கீறாதபடி அதன் முனையை அராவி வைத்திருக்கிறேன்.