பிடிச்ச காசைக் கட்டித் தொலைங்கய்யா!

பல்கலைக்கழகத்துல வேலை பார்க்கிற நமக்குச் சம்பளம் மாசக் கடைசியில ஏறாதது பழகிப்போன கொடுமை. மானியம் வரல, ஃபைல் நிதி அலுவலர் மேசையில இருக்கு, சாயங்காலத்துக்குள்ள ஏறிடும்... எல்லாப் பதிலும் நமக்கு மனப்பாடம். ஆனா பே ஸ்லிப்புல பிடித்தம்னு போட்டுட்டு, அந்தக் காசு போய்ச் சேர்ந்துச்சான்னு திரும்பிக்கூடப் பார்க்காம இருக்கிறதை எப்படிங்க பொறுத்துக்கிறது?

கடலூர்க்காரர் ஒருத்தர், அலுவலக உதவியாளரா இருந்து ஓய்வு பெறப்போறவர். பல்கலைக்கழகத்தோட பேர் வேண்டாம். சம்பளத்துல பிடிக்கிற எல்.ஐ.சி. பாலிசி முதிர்ந்து போய் நின்னா, "ஏழு மாசப் பிரீமியம் வரல, வட்டியோட கழிச்சுட்டுத்தான் தருவோம்"ங்கிறாங்க. ஏழு மாச பே ஸ்லிப்பும் கையில இருக்கு, ஏழுலயும் பிடித்தம் இருக்கு. செக்ஷன்ல கேட்டா "அப்பவே அனுப்பியாச்சு." எந்த செக்? "ரெஜிஸ்டர் பார்க்கணும்." ரெஜிஸ்டர் எங்க? "பழைய ரெக்கார்டு ரூம்ல." சாவி? "வச்சிருக்கிறவர் லீவு." சாவி வந்து, ரூம் திறந்து, தூசி தட்டிப் பார்த்தா, செக் போயிருக்கு. கூட அனுப்பின பட்டியல்ல பாலிசி எண்ணோட கடைசி ரெண்டு இலக்கம் இடம் மாறிக் கிடக்கு! பணம் யார் கணக்குலயும் சேராம, ஆள் தெரியாத பணத்தைப் போட்டு வைக்கிற சஸ்பென்ஸ் கணக்குல தூங்குது. சரி, மாசம், செக் எண், தொகை, சரியான பாலிசி எண் போட்டு ஒரு கடிதம் குடுங்கன்னா, பிரிவு அலுவலர் கையெழுத்து போதாதாம், பதிவாளருக்குப் போகணுமாம். போச்சு. கையெழுத்துக்குக் கீழே முத்திரை இல்லன்னு திரும்பி வந்துச்சு. முத்திரையை வைக்க வேண்டியது யாரு, அந்த மனுஷனா?

இத்தனைக்கும் வேலை என்ன பெரிய வேலை? யாருக்கு எவ்வளவு பிடிக்கணும்னு மாசாமாசம் எல்.ஐ.சி. தர்ற டிமாண்ட் பட்டியலைப் பே பில்லோட வரிக்கு வரி ஒப்பிடணும். யாராவது மாறுதல்லயோ பணிநிரவல்லயோ வேற அலுவலகம் போனா பி.ஏ. கோடை, அதாவது பிரீமியத்தைப் பிடிச்சுக் கட்டுற அலுவலகத்தோட குறியீட்டு எண்ணை, மாத்தச் சொல்லி எல்.ஐ.சி.க்கு எழுதணும். அதை எழுதாம விட்டா புது இடத்துல பிடிக்கிறது பழைய கணக்கைத் தேடி அலையும். பிடிச்சதுக்கு அலுவலகம்தான் பொறுப்புன்னு ஊழியர் எத்தனை தடவை கத்துறது? இப்படிச் சம்பளத்துல பிடிச்சுக் கட்டுற திட்டத்துல பிரீமியம் வசூலிக்கிற முதலாளி எல்.ஐ.சி.யோட முகவர் மாதிரிதான், அவர் கட்டாததுக்காக ஊழியர் குடும்பத்துக்குப் பணம் மறுக்க முடியாதுன்னு டெல்லி மின்வாரிய வழக்குல உச்ச நீதிமன்றமே 1999-ல சொல்லிடுச்சு.

வருமான வரியிலயும் இதே அநியாயம். சம்பளத்துல பிடிச்ச வரியை, அதாவது டி.டி.எஸ்.ஸை, அடுத்த மாசம் 7-ஆம் தேதிக்குள்ள கட்டணும், மார்ச் மாசத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. தாமதமானா மாசத்துக்கு 1.5 சதவீதம் வட்டி. கட்டினா மட்டும் போதாது, யார்கிட்ட எவ்வளவு பிடிச்சோம்னு காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தாக்கல் பண்ணணும். அதுல பான் எண்ல ஒரு எழுத்து தப்பினா அவர் பேர்ல கட்டின வரியைக் காட்டுற வருமான வரித்துறைப் பட்டியல்ல காசு காட்டாது, பேராசிரியர் வீட்டுக்கு டிமாண்ட் நோட்டீஸ் வரும். திருத்த அறிக்கை போட வேண்டியது அலுவலகம். அதைப் போடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியது சம்பளக்காரர்! சம்பளத்துல பிடிச்ச வரியை மறுபடி அவர்கிட்ட கேட்கக் கூடாதுன்னு 1961 வருமான வரிச் சட்டத்துல (2026 மார்ச் வரைக்குமான வருஷங்களுக்கு) 205-ஆம் பிரிவே இருக்கு. பே ஸ்லிப், படிவம் 16, வங்கி ஸ்டேட்மென்ட் மூணையும் பத்திரமா வச்சு, நோட்டீஸுக்குப் போடுற பதில்ல அந்தப் பிரிவை எழுதுங்க. பயந்துபோய் ரெண்டாந்தடவை கட்டிடாதீங்க.

கூட்டுறவு சங்கக் கடன் தவணையும் அப்படித்தான். பிடிச்சது அலுவலகம், லேட்டா அனுப்பினது அலுவலகம், அபராத வட்டி மட்டும் கடன் வாங்கினவர் தலையில.

பிடித்தம் பண்ணவாவது சம்பளம்னு ஒண்ணு இருக்கிறவங்க கதை இது. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாசத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய்னு பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019-ல வழிகாட்டுதல் குடுத்துச்சு. நம்ம அரசுக் கல்லூரிகள்ல 2025-ல தந்தது அந்த 50,000-ல பாதி, அதுவும் வருஷத்துக்கு 11 மாசம்தான். மே மாசம் சல்லிக்காசு கிடையாது. விரிவுரையாளர் தகுதித் தேர்வான நெட் முடிச்சு, பி.எச்.டி. முடிச்சு, வருஷக்கணக்கா பாடம் எடுக்கிறவங்களுக்கு மே மாசம் பசிக்காதாய்யா?