பிரியென்ஸ் கரடிக்கு ஜெர்மனி முகவரி

சுவிட்சர்லாந்தின் பிரியென்ஸ் ஏரிக்கரை ஊர் சுற்றுலாவால்தான் பிழைத்தது என்று, அந்த ஊரைப் பற்றி வந்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அதற்கு முன் ஒரு பஞ்சம் இருக்கிறது. 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததில், அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே சரியாக வரவில்லை, பயிர் போனது. அந்தக் கஷ்டக் காலத்தையொட்டித்தான் கிறிஸ்டியன் ஃபிஷர் என்ற மரக் கடைசல்காரர் சின்னச் சின்ன மரச் சாமான்களைச் செதுக்கிப் பயணிகளுக்கு விற்கத் தொடங்கினார். பார்த்து ஊரே உளியைக் கையில் எடுத்தது. 1884இல் சிற்பப் பள்ளியும் வந்துவிட்டது, இன்றும் நடக்கிறது.

இந்த ஊரார் செதுக்கும் மரக் கரடிகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ரோமத்தை மொத்தமாக இழுத்துவிட மாட்டார்கள். வளைந்த உளியால் கீற்றுக் கீற்றாக எடுத்திருப்பார்கள், தோளில் ஒரு பக்கம் சாயும், வயிற்றில் வேறு பக்கம். வேடிக்கை என்னவென்றால், பழம்பொருள் கடைகளில் இவற்றுக்கு 'பிளாக் ஃபாரஸ்ட்' என்று ஜெர்மனியிலுள்ள ஒரு பகுதியின் பெயரை ஒட்டி ரொம்ப காலம் விற்றார்கள். உழைப்பு ஒருவருடையது, பெயர் இன்னொருவருக்கு!

சரி, ரயிலுக்கு வருகிறேன். இந்த ஊரிலிருந்து 1892இல் ஓடத் தொடங்கிய ரோட்ஹார்ன் மலை ரயில் இன்னும் நீராவியில் ஏறுகிறது. முதல் உலகப் போரில் நின்றது, 1931இல்தான் திரும்ப ஓடியது. அப்புறம், மலை சோறு மட்டும் போடுவதில்லை. 2005 ஆகஸ்டில் ஓடைச் சேறு இறங்கி இருவர் இறந்தார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடியும் சேறும் பாறையும் ஊருக்குள் வந்தன. அதைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.