பின்னால் இருந்தது ஒரே ஒரு புள்ளிங்க

ஞாயிற்றுக்கிழமை நடந்த கூடைப்பந்து ஃபைனலைப் பற்றி இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நான் பயிற்சி கொடுக்கிற பையன்கள் தோற்றார்கள், சரி, அடுத்த டோர்னமென்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எங்கள் பையன் கடைசி ஷாட்டைத் தவறவிட்ட வீடியோவை யாரோ போட்டிருக்கிறார்கள்; நேற்று ராத்திரி அதற்கு மேலே எழுதியிருந்ததையும், கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்களின் பட்டியலையும் பார்த்த பிறகு முடியவில்லை. பட்டியலில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். காலையில் கோர்ட்டுக்கு வந்து "என்னண்ணா, பசங்க எப்படி?" என்று கேட்டுவிட்டு என் காசில் டீ குடிக்கிறவர்கள்.

"த்ரீ போட வேண்டிய நேரத்தில் டூவுக்கு ஆசைப்பட்ட அறிவாளி." இதுதான் வாசகம். பத்தாம் வகுப்புப் பையனுக்கு. (கோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி, அது த்ரீ; உள்ளே நின்று போட்டால் இரண்டு, அது டூ.)

ஸ்கோரைப் பார்த்தீர்களா? ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். ஒரே ஒரு புள்ளி. எட்டு விநாடி பாக்கி. அந்த நிலையில் இரண்டு விழுந்தாலும் ஜெயம், மூன்று விழுந்தாலும் ஜெயம். மிச்சம் வருகிற புள்ளியை வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டியலில் போடுவதா? எது விழ வாய்ப்பு அதிகம் என்பதைத் தவிர அந்த நேரத்தில் வேறு கேள்வியே கிடையாது. கூட ஆடுகிறவன் குறுக்கே நின்று மறித்துக் கொடுக்க (ஸ்கிரீன் என்பது அதுதான்), பையன் வலது பக்கமாக இறங்கினான். அவனைக் காத்தவன் ஸ்கிரீனில் மாட்டிக்கொண்டு பின்தங்கிவிட்டான். அவர்களுடைய நெட்டைப் பையன் லே-அப்பை, அதாவது ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்திலிருந்து போடுவதை, தடுக்க ரிங்குக்கு அடியிலேயே நின்றுவிட்டான். நடுவில், ரிங்குக்கு எதிரே இருக்கிற ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையில், ஆளே இல்லை. அங்கே நின்றான், எழும்பினான், போட்டான். பந்து ரிங்கின் பின்பக்கத்தில் பட்டு வெளியே வந்துவிட்டது. நடந்தது அவ்வளவுதான். நல்ல ஷாட், விழவில்லை. அது விழுந்திருந்தால் இதே ஆட்கள் இதே வீடியோவுக்கு நெருப்புப் பொம்மை போட்டிருப்பீர்கள்.

இனி கணக்குக்கு வருகிறேன். த்ரீதான் லாபம், "அண்ணனுக்குக் கணக்கு தெரியாது போல" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பகல் முழுக்க நூல் மில்லில் கணக்கு எழுதுகிறவன் நான். நூறு கிலோ பஞ்சு உள்ளே போனால் எவ்வளவு நூலாகும், எவ்வளவு கழிவாகும் என்று பாயிண்ட் வைத்துச் சொல்கிறவனுக்கு விழுக்காடு சொல்லித்தருகிறார்கள்.

அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் த்ரீ சராசரியாக 36 விழுக்காடு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு த்ரீ போட்டால் 108 புள்ளி. மிட்ரேஞ்ச், அதாவது த்ரீ கோட்டுக்கும் ரிங்குக்கும் நடுவிலிருந்து எழும்பிப் போடுகிற ஷாட், 41 விழுக்காடு என்றால் நூறுக்கு 82 புள்ளி. எனவே த்ரீதான் லாபம். இந்தக் கணக்கு எனக்கும் தெரியும், என்னிடம் வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும், நானே கோர்ட்டில் சாக்பீஸால் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஆனால் அது நூறு ஷாட்டின் கணக்கு. கடைசி எட்டு விநாடியில் பையனுக்கு இருந்தது ஒரே ஷாட். அதுவும் ஒரு புள்ளி பின்னால். நூறின் சராசரியை ஒன்றின் தலையில் கட்டினால் எப்படி?

அடுத்து, அந்த 36 யாருடைய 36? கூரை போட்ட அரங்கம், மரத்தரை, அப்பழுக்கில்லாத ரிங், சின்ன வயதிலிருந்து அதையே தொழிலாகச் செய்கிறவர்கள். நம் பையன்கள் சிமெண்ட் தரையில், பரு தேய்ந்து வழவழவென்று ஆகிப்போன ரப்பர் பந்தில், போன வருசம் யாரோ தொங்கி இடது பக்கம் சாய்த்துவிட்ட ரிங்கில் போடுகிறார்கள். ஆட்டத்தில் நான்கு த்ரீக்கு ஒன்று விழும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நூறுக்கு 75 புள்ளி. அதே பையன் பக்கத்தில் வந்து ஐந்துக்கு இரண்டு போட்டால் 80. எது லாபம்? கண்ணபுரம் சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்காமல் விலையை மட்டும் கேட்டு ஓட்டிவருகிறவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். இங்கே ஷாட்டின் விலையை மட்டும் கேட்கிறவர்தான் நிபுணர்.

காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை, ஏனென்றால் காற்று வீடியோவில் தெரியாது. ஆடி மாசம், உடுமலை. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற மேற்குக் காற்று. சுற்றிலும் இத்தனை காற்றாலை எதற்கு நிற்கிறது, அழகுக்கா? அன்றைக்கு டேபிளில் உட்கார்ந்திருந்தவர்கள் ஸ்கோர் ஷீட்டின் நாலு மூலைக்கும் நாலு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். பாட்டிலில் தண்ணீர் குறையக் குறைய ஷீட் தூக்க ஆரம்பித்தது. மூன்றாவது குவார்ட்டரில் எங்கள் இன்னொரு பையன் கிழக்கு மூலையிலிருந்து போட்ட த்ரீ ரிங்கைத் தொடவே இல்லை. அதற்கும் சிரித்தீர்கள். த்ரீ கோட்டின் 6.75 மீட்டரிலிருந்து உயரமாக எழும்பிப் போகிற பந்து எவ்வளவு நேரம் காற்றில் இருக்கும், நாலரை மீட்டரிலிருந்து போனால் எவ்வளவு நேரம் என்று கொஞ்சம் யோசியுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், ரப்பர் பந்து பறக்காதா?

அந்த 6.75-லும் ஒரு கூத்து இருக்கிறது. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் 1984-ல் த்ரீ கோட்டைக் கொண்டுவந்தபோது தூரம் 6.25 மீட்டர். 2010-ல் அதை 6.75 ஆக்கினார்கள். எங்கள் பையன்கள் தினமும் பயிற்சி எடுக்கிற கோர்ட்டில் இன்னும் பழைய கோடுதான், அதுவும் பாதி அழிந்த கோடு. பெயிண்ட் அடித்துக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தது எந்தப் பீரோவில் தூங்குகிறதோ. காலையில் 6.25-ல் போட்டுப் பழகி, ஞாயிற்றுக்கிழமை அரை மீட்டர் தள்ளி நின்று, எதிர்க்காற்றில் போட வேண்டும். அறிவுரை சொல்கிறவர்கள் வரும்போது ஒரு டப்பா பெயிண்ட் வாங்கிக்கொண்டு வரலாம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் பந்தைக் கையில் கொடுத்ததும் த்ரீ கோட்டுக்கு அனுப்பவில்லை. ரிங்குக்குப் பின்னால் மரப் போர்டு அந்தக் காலத்தில். அதில் ரிங்குக்கு மேலே இடமும் வலமும் சுண்ணாம்பில் இரண்டு பொட்டு வைத்திருந்தார். பக்கவாட்டில் நாற்பத்தைந்து டிகிரியில் நிற்கச் சொல்வார். "ரிங்கப் பாக்காத கண்ணு, பொட்டப் பாரு. பொட்டுல பட்டா அதுவா உள்ள போயிரும்" என்பார். மழை பெய்தால் பொட்டு அழிந்துவிடும், மறுநாள் ஸ்டூல் போட்டு ஏறி அவரே வைப்பார். காற்றடிக்கிற மாசத்தில் போர்டில் அடித்துப் போடுவதுதான் புத்தி என்று அவர் விளக்கியதெல்லாம் இல்லை. ஆனால் அந்த ஊர்க் கோர்ட்டுக்கு எது சரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டிம் டங்கன் என்கிற ஆறடி பதினோரு அங்குல மனுசன் இதே போர்டு ஷாட்டை வைத்து என்.பி.ஏ.யில் சான் அன்டோனியோ அணிக்கு ஐந்து சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்ததை நான் பின்னால் டிவியில் பார்த்தபோது, இது நம்ம மாஸ்டர் பொட்டுதானே என்று வீட்டில் சத்தம் போட்டுச் சொன்னேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

உடனே "காலம் மாறிவிட்டது, பழைய பஞ்சாங்கம்" என்பீர்கள். த்ரீக்குப் பேர்போன என்.பி.ஏ. ஆட்டக்காரர் ஸ்டெஃபன் கரியை எனக்கும் பிடிக்கும் சாமி. 2015-16 சீசனில் 402 த்ரீ உள்ளே போட்ட மனுசன். அதற்கு முன் ஒரே சீசனில் 300 கூட யாரும் போட்டதில்லை. பாஸ்டன் அணி 2024-ல் த்ரீயை மழையாகப் பொழிந்துதான் கோப்பை வாங்கியது. த்ரீ வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அதே பாஸ்டன் அடுத்த வருசம் ப்ளே-ஆஃபில் நியூயார்க்கோடு என்ன செய்தது? ஒரே ஆட்டத்தில் 60 த்ரீ போட்டு 45 தவறியது. இருபது புள்ளி முன்னால் இருந்த ஆட்டத்தை ஓவர்டைமில் விட்டது. 2018-ல் ஹூஸ்டன், ஃபைனலுக்கு ஒரு படி முன்னால், ஏழாவது ஆட்டம், பாதி நேரத்தில் பதினோரு புள்ளி முன்னிலை. தொடர்ச்சியாக 27 த்ரீ தவறியது. கணக்கை நம்பி, கணக்கை நம்பி, கணக்கை நம்பியே தோற்றார்கள். அந்த அணியில் மிட்ரேஞ்சில் நின்று நிதானமாகப் போடத் தெரிந்த கிறிஸ் பால் அன்றைக்குத் தொடைத் தசைக் காயத்தில் வெளியே உட்கார்ந்திருந்தார். 2019-ல் டொரான்டோவுக்காகக் காவாய் லெனர்ட் போட்ட ஷாட், ரிங்கில் நாலு தடவை குதித்து உள்ளே விழுந்ததே, அது எத்தனை புள்ளி? இரண்டு. 90-90 என்று நின்ற ஆட்டத்துக்கு இரண்டு போதும். எங்களுக்கும் அன்றைக்கு இரண்டு போதும். பின்னால் இருந்தது ஒரு புள்ளி. 2025-ல் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியைச் சாம்பியனாக்கி, சீசனுக்கும் ஃபைனலுக்கும் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டரின் பாதிப் பிழைப்பு எந்த இடத்தில் என்று போய்ப் பாருங்கள். எங்கள் பையன் நின்ற அதே இடத்தில்.

டிஃபென்ஸ் எதை விட்டுவைக்கிறதோ அதை எடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் விசயம். எல்லோரும் த்ரீயையும் லே-அப்பையும் அடைக்கக் கற்றுக்கொண்டால் நடுவில் இடம் கிடக்கும். அந்த இடத்தில் நின்று போடத் தெரியாதவன் ஓடி ரிங்குக்கு அடியில் முட்டிக்கொள்வான், அல்லது வெளியே நின்று இடுப்பிலிருந்து வீசுவான். வீசுகிற பிள்ளைகளைத்தான் இப்போது எங்கே பார்த்தாலும் பார்க்கிறேன். ஆறாம் வகுப்புக் குழந்தை, பந்தைத் தூக்கவே தெம்பில்லை, அப்பா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "த்ரீ போடு கண்ணு, த்ரீ போடு" என்கிறார். முழங்கை வெளியே போகிறது, மணிக்கட்டு மடங்குவதில்லை, தோளிலிருந்து எறிகிறது. பத்தில் ஒன்று விழும். அந்த ஒன்று ஸ்டேட்டஸில் வரும். மீதி ஒன்பதைத் திருத்த எனக்கு இரண்டு வருசம் ஆகும். கோச்சிங் சென்டர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, மாதம் பணம் வாங்குகிறவர்கள் பெற்றோர் கேட்பதைத்தானே கொடுக்க முடியும்.

சொல்லப்போனால் எங்கள் பொம்பளைப் பிள்ளைகள் ஒழுங்காக ஆடுகிறார்கள். பந்தை இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், கண்ணுக்கு அளவான ஷாட். அவர்கள் ஆட்டத்தை யாரும் வீடியோ எடுப்பதில்லை, அதனால் கெடாமல் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

மூலையில் ஒருத்தன் சும்மா நின்றானே, பாஸ் கொடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கொடுத்திருக்கலாம். எட்டு விநாடியில் எல்லாம் கண்ணில் படாது. அடுத்த கேள்விக்குப் போவோம்.

"நீங்கள் எந்த லெவலில் ஆடினீர்கள்?" இதைக் கேட்டவர் என் தம்பி வயசு. ஆடினேன் தம்பி, மாவட்டம் வரைக்கும். அதற்கு மேல் செலக்சனுக்குப் போகிற வாரம் வீட்டில் தறியில் ஆள் இல்லை என்று அப்பா நிறுத்திவிட்டார். கோயமுத்தூர் வ.உ.சி. மைதானத்தில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை ஆட்டங்களை கேலரியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ராத்திரி கடைசி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த ஆள்தான் நான். பெரிய ஆட்டக்காரன் என்று எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் காலை ஐந்தரைக்கு கோர்ட்டைக் கூட்டுவதற்கு எந்த லெவலில் ஆடியிருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். தெருநாய்கள் ராத்திரி அங்கேதான் படுக்கின்றன.

திங்கட்கிழமை பையன் பயிற்சிக்கு வரவில்லை. தோற்ற அலுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். செவ்வாயும் வரவில்லை. அவங்க அம்மாவுக்குப் போன் செய்தேன். "எந்திரிக்க மாட்டேங்கிறானுங்க மாஸ்டர். போனத்தான் பாத்துக்கிட்டே படுத்திருக்கான். அவங்கப்பா டியூசனுக்குப் போகட்டும், பந்தெல்லாம் போதும்ங்கிறாரு" என்றார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் சரிங்க என்று வைத்துவிட்டேன். அந்தப் பையன் போன வருசம் முழுக்க, மற்றவர்கள் த்ரீ கோட்டில் நின்று யார் தூரமாகப் போடுவது என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தபோது, தனியாக அந்த முனையில் நின்று நின்று போட்டவன். நான் சொன்னேன் என்பதற்காக. ஞாயிற்றுக்கிழமை சரியான இடத்தில் சரியாகத்தான் போட்டான். உங்களுக்கு அது காமெடி.

வீடியோ போட்டவர் இதைப் படிப்பார் என்று தெரியும். தனியாக மெசேஜ் செய்து கேட்டேன், "ஜாலிக்குத்தானேண்ணா" என்றார். உங்கள் ஜாலிக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையை எடுத்துப் போடுங்கள். அதை எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. நான் சண்டைக்கு வருகிறவன் இல்லை; ஆனால் அடுத்த மாசம் நம் ஊர் டோர்னமென்ட்டுக்கு ரெஃப்ரி, பந்து, பந்தல் என்று என்னிடம் கேட்டு வராதீர்கள்.

இந்தப் பதிவுக்குக் கீழே பையன் பேரையோ பள்ளிக்கூடத்துப் பேரையோ எழுதினால் அழித்துவிடுவேன், எழுதினவரையும் பிளாக் செய்வேன். ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். முதலில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.