டிராக்கன்ஸ்பர்க் புல்வெளி தரிசு அல்ல

"டிராக்கன்ஸ்பர்க் மலைச் சரிவுகள் காடழிந்த தரிசு, மரக்கன்று நடுங்கள்" என்ற செய்தி தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

கோடைமழை, உறைபனி, அவ்வப்போது எழும் தீ ஆகியவற்றோடு தொன்றுதொட்டு வாழும் இயற்கைப் புல்வெளி அது. தென்னாப்பிரிக்க நிலத்தில் கால் பங்குக்கும் மேல் இத்தகைய புல்வெளிதான். அங்குள்ள ரோய்க்ராஸ் என்ற செம்புல்லின் விதை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஈரம் பட்டதும் அதன் கரிய முள்வால் முறுக்கவிழ்ந்து சுழலும். விதை தானே மண்ணைத் திருகிக்கொண்டு இறங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பைன், வாட்டில் போன்ற மரங்களை நட்டால் அவற்றின் நிழலில் இந்தப் புல் மடிந்துவிடும், ஓடைநீரும் குறையும்.

தென்னாப்பிரிக்கத் தேசியப் பல்லுயிர் நிறுவனத்தின் தாவர வரைபடத்தில் இதைச் சரிபார்க்கலாம். அன்புகூர்ந்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் இடுங்கள்.