மண் ஓடா, கான்கிரீட் ஓடா: முதலில் வாட்டத்தைப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சாய்வுக் கூரையின் மீதான விருப்பம் சில ஆண்டுகளாக மீண்டும் கூடியிருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தோட்டத்துக்குள் வீடு கட்டுகிறவர்கள், காரிமங்கலத்திலும் பாலக்கோட்டிலும் மொட்டை மாடியின்மேல் ஓட்டுக் கூடம் எழுப்புகிறவர்கள், பெற்றோர் குடியிருக்கும் பழைய ஓட்டு வீட்டைச் சீர்செய்ய நினைப்பவர்கள் எனப் பலரும், கட்டட வேலையோடு தொடர்புடையவன் என்பதால், என்னிடம் கேட்பது மண் ஓடு போடுவதா, கான்கிரீட் ஓடு போடுவதா என்பதைத்தான். ஓட்டுக்கு நேர்கீழே மனிதர் குடியிருக்கப் போகும் வீடாக இருந்து, கூரைக்குப் போதிய வாட்டமும் (சரிவும்) இருந்தால், நம் பகுதிக்கு மண் ஓடே ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் இந்த முடிவுக்கு முன்னால் எடுக்க வேண்டிய முடிவுகள் சில உண்டு. பெரும்பாலோர் அவற்றைத் தவிர்த்துவிட்டு நேராக ஓட்டுக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

கடையில் நடப்பது அநேகமாக ஒரே காட்சிதான். கான்கிரீட் ஓடு ஒன்றை இரண்டு கட்டைகளின்மேல் வைத்து, விற்பனையாளர் அதன் நடுவில் ஏறி நின்று காட்டுவார், ஓடு உடையாது. அருகில் கிடக்கும் மண் ஓட்டைப் பார்த்து, "இதுமேல இப்படி நிக்க முடியுங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும். கூரையின்மேல் ஏறுகிறவன் ஓட்டின் நடுவில் மிதிக்கமாட்டான், கீழே ரீப்பர், அதாவது ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம், தாங்கும் இடம் பார்த்துத்தான் கால் வைப்பான் என்பது ஓடு மாற்றிப் பழகிய எவருக்கும் தெரியும். வலிமையில் கான்கிரீட் ஓடு மேலானது என்பதை நான் மறுக்கவில்லை. வீட்டுக்கு அந்த வலிமை எவ்வளவு தேவை என்பதே நாம் பார்க்க வேண்டியது.

வாட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் ஒழுகலுக்கான காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. மண் ஓடான மங்களூர் ஓடு, ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மேற்குக் கடற்கரையில் வளர்ந்த ஓடு. நீர் நிற்காமல் உருண்டோடும் செங்குத்தான கூரைக்கென்றே அதன் பள்ளங்களும் விளிம்புகளும் அமைந்திருக்கின்றன. கிடையாகப் பத்தடி போனால் குறைந்தது ஐந்தடியாவது முகடு உயர வேண்டும். ஆறடிக்கு நெருங்கினால் இன்னும் நல்லது. நம் பகுதியில் மழை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே, வாட்டத்தைக் குறைத்தால் என்ன என்று கேட்பவர்கள், நம் கோடை மழை காற்றோடு வருவதை மறந்துவிடுகிறார்கள். சித்திரை, வைகாசியில் சுழற்றியடிக்கும் காற்று, தாழ்ந்த கூரையில் ஓட்டின்மேல் ஓடு படியும் இடத்தில் நீரை மேல்நோக்கித் தள்ளிவிடும். இரும்பும் சுவரும் மிச்சமாகட்டும் என்று முகட்டை மூன்றரை, நான்கு அடியில் நிறுத்திவிட்டு, பிறகு மண் ஓடு ஒழுகுகிறது என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை. "ஓடு ஒழுகாதுங்க சார், வாட்டம் பத்தலன்னாத்தான் ஒழுகும்" என்று பென்னாகரத்து மேஸ்திரி ஒருவர் சொன்னதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. இடம், முகப்பு, பக்கத்துச் சுவர் போன்ற காரணங்களால் வாட்டத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், அங்கே கான்கிரீட் ஓட்டைத் தயங்காமல் எடுக்கலாம். பக்கவாட்டில் இறுக்கமாகக் கவ்விக்கொள்ளும் அதன் அமைப்பு பத்தடிக்கு நான்கடி வாட்டத்திலும் ஈடுகொடுக்கும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை இரு தரப்பிலும் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். தருமபுரியில் கோடையில் 38, 39 டிகிரி என்பது வழக்கமான வெயில். எந்த ஓடானாலும், ரீப்பரின்மேல் திறந்த நிலையில் வேயப்பட்டிருந்தால், உள்ளே சேரும் சூடான காற்று இடுக்குகள் வழியே மேலே வெளியேறிவிடும். ஓட்டு வீட்டின் குளிர்ச்சியில் பெரும்பகுதி இதனால் வருவதே. இதற்கு மேல் மண் ஓட்டுக்கு இரண்டு சிறு நன்மைகள் உண்டு. எடை குறைவு என்பதால் பொழுது சாய்ந்தபின் அது சற்று விரைவாகச் சூட்டை இழக்கும். மழையில் குடித்த நீர் மறுநாள் வெயிலில் ஆவியாகும்போது கூரையும் குளிரும். வெளிர் நிறத்தில் கான்கிரீட் ஓடு வாங்கினால் வெயிலின் ஒரு பகுதி திரும்பிப் போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஆனால் வெளிர் நிறக் கூரையை விரும்பி வாங்குகிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை. உண்மையான மாற்றம் வேண்டுமென்றால் மண் ஓட்டுக்குக் கீழே சீலிங் ஓடு போடுங்கள். இரண்டுக்கும் இடையில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுப்பதோடு, ஓட்டிடுக்கில் இருந்து தூசியும் சருகும் சோற்றுத் தட்டில் விழுவதும் நின்றுவிடும். சமையலறைக்கு மேலே இரண்டு கண்ணாடி ஓடுகள் சேர்த்துக்கொண்டால் பகலில் விளக்கே வேண்டியதில்லை.

எடைக் கணக்கையும் பார்த்துவிடலாம். மங்களூர் ஓடு ஒன்று 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 ஓடுகள். கான்கிரீட் ஓடு நான்கரைக் கிலோ அளவில் இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு 10 போதும். 1,000 சதுர அடிக் கூரைக்கு மண் ஓடு சுமார் மூன்றரை டன், கான்கிரீட் ஓடு நான்கு டன்னுக்கு மேல். சீலிங் ஓடும் சேர்ந்தால் மண் ஓட்டுக் கூரையே அதிக எடையாகிவிடும் என்பதால், சட்டம் போடுகிறவரிடம் இதை முன்பே சொல்லிவிட வேண்டும். பனைமரக் கைகளும் பழைய மரச் சட்டமும் உள்ள வீட்டில், கரையான் அரித்த கைமரங்களை மாற்றாமல், ஓட்டை மட்டும் கான்கிரீட்டாக மாற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். புதிதாக இரும்புச் சட்டம் போடுகிறவர்கள், வாங்கப்போகும் ஓட்டைக் கையில் வைத்து அளந்த பிறகே ரீப்பரைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். இடைவெளி அரை அங்குலம் பிசகினாலும் ஓட்டின் அடிக்கொண்டி ரீப்பரில் உட்காராது.

மண் ஓட்டின் பெரிய குறை, எல்லா ஓடும் ஒரே தரத்தில் இராது என்பதே. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1865இல் தொடங்கிய ஆலையின் பெயர் பொறித்த பழைய ஓடுகள், இடித்த வீடுகளிலிருந்து இன்றும் விற்பனைக்கு வருகின்றன. நன்றாக வெந்தவையாக இருந்தால் புதிய ஓட்டைவிட அவற்றையே நான் எடுப்பேன். ஓட்டை ஒரு கையில் தூக்கி விரல் முட்டியால் தட்டுங்கள்: கணீரென்று ஒலித்தால் நன்கு வெந்தது, மொத்தென்று கேட்டால் விரிசலோ வேக்காட்டுக் குறையோ இருக்கிறது. இன்னொரு சோதனையும் உண்டு. காய்ந்த ஓட்டை எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து மீண்டும் எடைபோட வேண்டும். ஐ.எஸ். 654 என்ற இந்தியத் தர விதி முதல்தர ஓட்டுக்கு 18 விழுக்காடும் அடுத்த தரத்துக்கு 20 விழுக்காடும் வரைதான் நீர் குடிக்க இடமளிக்கிறது. இரண்டரைக் கிலோ ஓடு அரைக் கிலோவுக்கு மேல் கூடினால் அந்தச் சுமையைத் திருப்பி அனுப்பிவிடலாம். மங்களூரிலிருந்து நம் ஊருக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வரும் சரக்கு என்பதால் உடைசலுக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

குரங்குத் தொல்லை உள்ள ஊர்களில் மட்டும் என் கருத்து மாறும். ஒகேனக்கல் சாலையிலும் மலையடி ஊர்களிலும் குரங்குகள் ஓட்டைப் பிரித்துப் போட்டுவிடும். உடைவதைவிட நகர்வதால்தான் அங்கே அதிகம் ஒழுகுகிறது. திருகாணி போட்டு முடுக்கிய கான்கிரீட் ஓடு அங்கே நிம்மதி தரும். மண் ஓட்டில்தான் பிடிவாதம் என்றால், அடிக்கொண்டியில் உள்ள துளை வழியே கம்பி போட்டு ரீப்பரோடு கட்ட வேண்டும். காற்றுக்கும் அதுவே காப்பு.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மண் ஓட்டின் சிவப்பு சூளையில் வந்தது, பாசி படிந்தாலும் தேய்த்தால் திரும்பிவிடும்; கான்கிரீட் ஓட்டின் மேற்பூச்சு வெயிலில் வெளுக்கும். சுற்றுச்சூழல் வாதத்தில், ஒன்றுக்குச் சூளை விறகு, மற்றதற்குச் சிமெண்ட் என்று இரண்டிலும் புகை இருக்கிறது.

ஓசூர் மனைப்பிரிவுகளில் காணும் இன்னொரு வழக்கத்தை மட்டும் நான் ஏற்கவே இல்லை. சாய்வாகக் கான்கிரீட் தளமே போட்டு, அதன்மேல் கலவை வைத்து ஓட்டை ஒட்டிவிடுகிறார்கள். காற்றுக்கு வழி இல்லை, தளத்தின் சூடு அப்படியே இறங்கும், அடியில் புகுந்த ஈரம் வெளியேறாது. அங்கே மண் ஓடா கான்கிரீட் ஓடா என்ற கேள்விக்கே இடமில்லை, இரண்டும் வெறும் அலங்காரம்தான். அந்தப் பணத்தில் தளத்துக்கு வெள்ளைக் குளிர்பூச்சு அடித்துக்கொள்வது மேல்.

எந்த ஓட்டைப் போட்டாலும் முகட்டு ஓட்டின் கீழே வைத்த கலவை சில ஆண்டுகளில் வெடிப்பு விடும். பங்குனி முடிவதற்குள் ஆளை ஏற்றி அதைப் பார்த்து, வெடித்த இடத்தைக் கொத்திப் புதுக் கலவை வைத்துவிடுங்கள். கோடை மழை தொடங்கிய பிறகு ஓடு மாற்றத் தெரிந்த ஆள் இரண்டு மாவட்டங்களிலும் கையில் கிடைக்கமாட்டார்.