துண்டை எடுத்த பிள்ளை

போன மாதம் அழகர்கோயிலில் அக்கா மகளுக்கு முடி இறக்கினோம். அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது அக்கா நேர்ந்துகொண்டது. 13 வயதுப் பிள்ளை, மறுபேச்சு பேசாமல் தலையைக் குனிந்து கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர் ஒருவர், "என்னடி, ஆம்பளப் பய கணக்கா இருக்க?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் தலையில் சுற்றிய துண்டை அவள் எடுக்கவே இல்லை.

அந்த வாரம்தான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரின் முதல் சீசனை மறுபடி பார்த்தேன். 2016-இல் வந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பி ஓடிவரும் மொட்டைத்தலைச் சிறுமி எலெவன்தான் எனக்கு அதில் எல்லாமே.

அவளைப் பற்றிப் பேசும்போது, சக்தியும் கோபமும் ஆண் குணம், அழுகையும் பாசமும் பெண் குணம், இரண்டும் கலந்தவள் என்பார்கள். எனக்கு இது ஒப்பவே இல்லை. நண்பனைக் காப்பாற்ற, அவளுக்கு அடைக்கலம் கொடுத்த சிறுவன் மைக் பாறை விளிம்பிலிருந்து குதிக்கிறான். எலெவன் அவனை நடுவானத்தில் நிறுத்தி மேலே கொண்டுவருகிறாள், கத்தி காட்டி மிரட்டிய பையனின் கையை உடைக்கிறாள். மூக்கில் ரத்தம். அடுத்த நிமிஷமே சுருண்டு விழுந்து, எல்லாத்துக்கும் நான்தான் காரணம் என்று அழுகிறாள். இதில் எந்த இடத்தில் ஆண் முடிந்து பெண் தொடங்குகிறது? வீரமும் அழுகையும் ஒரே நெஞ்சிலிருந்துதான் வருகின்றன.

அவளுக்கு உடை மாட்டுவதெல்லாம் மற்றவர்கள்தான். பையன்கள் ரோஸ் கவுனும் விக்கும் போட்டுவிடுகிறார்கள். பிறகு அவளை வளர்க்கும் போலீஸ்காரர் ஹாப்பர் வீட்டில் தொளதொளச் சட்டை. காளி என்ற பெண் கறுப்புக் கோட்டு மாட்டுகிறாள். மூன்றாம் சீசனில்தான் தோழி மேக்ஸ் கடைக்குக் கூட்டிப்போய், உனக்கு எது பிடிக்கும் என்று கேட்கிறாள். அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, அதுவரை யாரும் கேட்டதில்லையே! அந்தக் காட்சியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நம் ஊரை நினைத்துக்கொண்டேன். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் பட்டாபிஷேகத்தன்று மீனாட்சி கையில் செங்கோல், மறுநாள் திக்விஜயத்தில் போர், அதற்கு அடுத்த நாள் திருக்கல்யாணம். மூன்றுக்கும் ஒரே அம்மன்தான், எந்த நாளும் அவளை ஆம்பளை கணக்கா இருக்கிறாள் என்று நாம் சொன்னதில்லை. மனைவி சொல் எடுபடும் வீட்டை மதுரை ஆட்சி என்றே சொல்கிறோம். வீட்டுப் பிள்ளையின் தலைமுடி போனதும் மட்டும் அது ஏன் மறந்துபோகிறது?

சரி, அன்றைக்கு நடந்தது இதுதான். விக் இல்லாமல் நிற்கும் எலெவன், நான் இப்பவும் அழகுதானா என்று மைக்கிடம் கேட்கிற இடம். ஆமாம், ரொம்ப அழகு என்கிறான். "சித்தி, கொஞ்சம் பின்னாடி போடுங்க" என்றாள் இவள். மூன்று தடவை பார்த்தோம். மூன்றாம் தடவை துண்டு அவள் மடியில் கிடந்தது.