லிட்டில் ராக் எங்கே?

அமெரிக்கத் தளபதியாக இருந்து ஜனாதிபதியான ஐசன்ஹோவரைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, இரண்டாம் உலகப் போரின் நார்மண்டித் தரையிறக்கத்தை விரிவாகச் சொல்லிவிட்டு, 1953 முதல் 1961 வரையான அவரது ஜனாதிபதிக் காலத்தை இரண்டே பத்திகளில் முடித்துவிட்டது. லிட்டில் ராக் அதில் இல்லை. 1957 செப்டெம்பரில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில ஆளுநர் காவற்படையை நிறுத்தி, அங்குள்ள லிட்டில் ராக் நகரின் மத்திய உயர்நிலைப் பாடசாலைக்குள், நீதிமன்ற ஆணைப்படி சேர வந்த ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைவதைத் தடுத்தார். ஐசன்ஹோவர் முதலில் தயங்கினார். நிற ஒதுக்கலை எதிர்ப்பதில் அவர் வேகம் காட்டியவர் அல்லர். ஆனால் நீதிமன்ற ஆணையை மீறிக் கும்பல் திரண்டதும் 101ஆவது பரசூட் படைப்பிரிவையே அனுப்பினார். 1944 ஜூனில் நார்மண்டிக்குப் புறப்படுமுன் அவர் நேரில் சென்று வழியனுப்பிய அதே பிரிவு! அந்த வீரர்கள் காவல் நிற்க, பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள்.

திருகோணமலையில் சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் பாடசாலைக்குப் போன தலைமுறை எங்களுடையது. இராணுவம் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் துணையாக நடந்தது என்று வாசிக்கும்போது எங்களுக்கு மனம் கனக்கிறது.

அவரைப் புனிதராக்கச் சொல்லவில்லை. 1953இல் ஈரானில் பிரதமர் மொசாதெக்கின் அரசைக் கவிழ்க்க இசைவளித்தவரும் அவர்தான். அடுத்த பகுதி வருமென்றால், தயவுசெய்து இரண்டையும் எழுதுங்கள்.